புதுப் பிரவுசருக்குக் குடிபோனவர்

பிரவுசர் மாற்றியவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள், கண்ணுக்கு முன்னால் காதுக்கு வந்து சேர்கிற இனம் அது. பேருந்தில் பக்கத்து இருக்கையில், பல் டாக்டரிடம் காத்திருக்கும் பெஞ்சில், துக்கம் விசாரிக்கப் போன வீட்டு வாசலில்கூட, "நீங்க இன்னும் அந்தப் பழசுலதான் இருக்கீங்களா?" என்று ஒருவர் தணிந்த குரலில் கேட்டால், அந்தக் கேள்வியில் கொஞ்சம் அனுதாபமும் நிறையப் பெருமையும் கலந்திருந்தால், சந்தேகமே வேண்டாம். அவர்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரில் இணையத்தைப் பார்க்க ஒரு ஜன்னல் வேண்டும். அந்த ஜன்னலுக்குப் பெயர் பிரவுசர். பல கம்பெனிகள் பல ஜன்னல்களைச் செய்து சும்மாவே கொடுக்கின்றன. எதைத் திறந்து பார்த்தாலும் வெளியே தெரிகிற தெரு ஒன்றுதான். இதை மட்டும் பிரவுசர் மாற்றியவரிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அன்றைக்கு உங்களுக்கு வேறு வேலை நடக்காது.

ஆனால் பிரவுசர் மாற்றியவர் ஆக வேண்டுமானால் அதற்கு முன்னால் நெடுங்காலம் மாற்றாதவராக இருந்திருக்க வேண்டும். அதுதான் தகுதி. சட்டை மாற்றுவதுபோல மாற்றிக்கொண்டே இருக்கிற இளவட்டங்களை இந்த இனத்தில் சேர்க்க முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் பிடித்த ஒரே பிரவுசரைக் கல்யாணத்துக்குப் பின்னும், முன்நெற்றி ஏறிய பின்னும், கம்ப்யூட்டரே மாறி அதற்கு அடுத்ததும் மாறிய பின்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்து, ஒருநாள் காலையில் திடீரென்று விட்டாரே, அவர்தான் அசல். எங்கள் அத்தான் அசல்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். நானும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து மடித்துச் சொருகியிருக்கும் தாள் இருக்கிறதே, நாம் பிரித்தும் பார்க்காமல் எறிவோமே, அதில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது அவருடைய வேலை. வீட்டிலிருந்தே செய்கிறார். முன்னறையில் ஜன்னலோரம் அவர் மேசை. எதிர்ச்சுவரோரம் என் தையல் மிஷின். பள்ளிச் சீருடைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டு நாள் முழுவதும் நான் பார்ப்பது அவருடைய கம்ப்யூட்டரின் முதுகை. அதற்கு மேலே தெரிகிற அவர் முகத்தை. கம்ப்யூட்டரின் முன்பக்கத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இந்த இனத்தை ஆராய அது தேவைப்படவும் இல்லை.

அக்கா அவரை 'செட்டிங்ஸ்' என்று கூப்பிடுவாள், அவர் இல்லாதபோதும் இருக்கும்போதும். காரணம் உண்டு. மின்விசிறி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும், தேநீர்க் கோப்பையின் காது எந்தத் திசையைப் பார்க்க வேண்டும், கதவு எந்த அளவு திறந்திருக்க வேண்டும் என்று அவருக்கு எல்லாவற்றுக்கும் ஓர் இடம், ஓர் அளவு. வீடு பெருக்குகிற சாக்கில் அவர் பேனா நிற்கும் குவளையை நாம் ஒரு விரல்கடை நகர்த்தினால், அன்று பிற்பகலுக்குள் அது தானாகவே பழைய இடத்துக்கு ஊர்ந்து போயிருக்கும். யார் நகர்த்தினார் என்று அவர் கேட்பதில்லை. பெருமூச்சு மட்டும் விடுவார்.

அப்படிப்பட்டவர் ஏன் மாறினார்?

பிரவுசர் மாற்றியவரிடம் கேட்டுப் பாருங்கள். பழையது மெமரியைத் தின்கிறது என்பார். கம்ப்யூட்டர் சூடாகிறது, உள்ளே விசிறி இரைகிறது, நாம் எங்கே போகிறோம் என்ன பார்க்கிறோம் என்று வேவு பார்த்து யாருக்கோ சொல்கிறது, நம் அந்தரங்கம் நம்முடையதாக இருக்க வேண்டாமா என்பார். எங்கள் அத்தான் இந்த அந்தரங்கத்தைப் பற்றித் தொலைபேசியில் பேசியது தெருமுனை இஸ்திரி வண்டி வரைக்கும் கேட்டது. மூலத்துக்கு அவர் என்ன களிம்பு போடுகிறார் என்பது அதே குரலில் முந்தின வாரமே அந்தத் தெருவுக்குத் தெரியும்.

இதெல்லாம் சொல்லும் காரணம். நிஜமான காரணம் அக்கா.

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே பெரிய டாக்டரம்மா வேறோர் ஊரில் புதிதாக ஒரு கிளை திறக்கிறார். அதை முழுக்க அக்காவே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். பல வருடமாக இன்னொருவரிடம் 'இதை அனுப்பலாமா, அதை எழுதலாமா' என்று கேட்டுக்கொண்டு நின்றவளுக்கு அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்பது, அன்று சாயங்காலம் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்ததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அத்தானிடம் சொன்னாள்.

"யோசிக்கலாம்" என்றார் அத்தான்.

அவர் யோசிக்கலாம் என்றால் அந்த விஷயம் பரணில் ஏறிவிட்டது என்று அர்த்தம். இறக்க ஏணி வேண்டும்.

நியாயமாகப் பார்த்தால் தடை என்று ஒன்றும் இல்லை. அவர்கள் மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வாடகை வீடு. அத்தானின் வேலையோ எந்த ஊரில் உட்கார்ந்து பார்த்தாலும் மருந்துத் தாளில் தலைசுற்றல் தலைசுற்றல்தான், வாந்தி வாந்திதான். ஆனால் இந்த ஊரில் அவருக்கு எல்லாம் இருக்கிற இடத்தில் இருந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் பழைய பிரவுசர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறேன் என்று ஒரு பொத்தானை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றி வைத்தது. அத்தான் சாப்பிட வரவில்லை. அந்தப் பொத்தானைப் பற்றி அவர் புலம்பிக்கொண்டிருக்க, அக்கா தட்டை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஒரு பட்டன் இடம் மாறினதுக்கே உங்களுக்குச் சோறு இறங்கல. நீங்களா ஊர் மாறப் போறீங்க? ஒரு பிரவுசரக்கூட உங்களால மாத்த முடியாது."

"மாத்திக் காட்டட்டுமா?"

"காட்டுங்க."

"மாத்திட்டு வந்து ஊரப் பத்திப் பேசறேன்."

கோபத்தில் விழுந்த வார்த்தைதான். ஆனால் அக்கா அதைக் கீழே விழ விடவில்லை, கையில் பிடித்துக்கொண்டாள். சமையலறையில் பாத்திரத்தை அழுத்தித் தேய்த்தபடி என்னிடம் சொன்னாள். மாதக் கடைசிவரை அவர் புதியதில் தாக்குப் பிடித்தால் ஊரும் மாறலாம் என்று அவளுக்கு நம்பிக்கை வந்துவிடும். பழையதற்கே திரும்பிவிட்டால் டாக்டரம்மாவிடம் முடியாது என்று சொல்லிவிடுவாள். அவரை இழுத்துக்கொண்டு போய் ஒரு புது ஊரில் தினமும் பெருமூச்சு விட வைக்கவும் அவளால் ஆகாது, தனியாகப் போய் இருக்கவும் மனசில்லை. "பாக்கலாம்டி" என்றாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள்.

ஆக, ஒரு மனுஷியின் பல வருடக் கனவு ஒரு ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது. இதை ஜன்னல் செய்த கம்பெனிக்காரர்கள் நினைத்துப் பார்த்திருப்பார்களா?

புதுப் பிரவுசரைக் கொண்டுவரப் பழைய பிரவுசரைத்தான் அனுப்ப வேண்டும் என்பது இதில் உள்ள முதல் சங்கடம். பழையது மறுபேச்சுப் பேசாமல் போய்த் தேடி, புதியதைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தது. வேலைக்குக் கிளம்பிய அக்கா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "பாவம், மூத்தவ. தானே போயி இளையவளக் கூட்டிட்டு வந்திருக்கா" என்றாள். அத்தான் சிரிக்கவில்லை. முதல் நாளில் இந்த இனத்தவர் சிரிப்பதில்லை.

வந்த உடனே புதியது மரியாதையாக ஒரு கேள்வி கேட்டதாம்: பழைய இடத்திலிருந்து உங்கள் சாமான்களையெல்லாம் கொண்டுவந்து அடுக்கித் தரட்டுமா? ஒரு தட்டுத் தட்டினால் போதும். நீங்களும் நானும் தட்டியிருப்போம். பிரவுசர் மாற்றியவர் தட்டமாட்டார். "வேண்டாம். எல்லாம் புதுசா ஆரம்பிக்கணும்" என்று அத்தான் உரக்கவே சொன்னார், கம்ப்யூட்டரிடம். உடுத்திய துணியோடு வீட்டை விட்டு வெளியேறுகிற கதாநாயகனின் முகம் அவருக்கு அப்போது இருந்தது. அந்த முகம் தேநீர் நேரம் வரைக்கும் தாங்கியது.

ஏன் தெரியுமா? இத்தனை வருடமும் பழைய பிரவுசரில் அவர் எதற்குமே முழுப்பெயர் சொன்னதில்லை. ஓர் எழுத்தைத் தட்டுவார். மீதியை அது போட்டுக்கொள்ளும். 'எம்' என்றால் மின்னஞ்சல், 'பி' என்றால் வங்கி, 'டி' என்றால் அகராதி. நெடுநாள் குடித்தனம் நடத்தியவர்கள் "அந்த இது எங்க?" என்று கேட்க, "அதுவா, அது மேல" என்று பதில் வருமே, அந்த மாதிரிப் பேச்சு. இப்போது புதியதில் போய் 'எம்' என்று தட்டினார். மெத்தை விற்கும் கடை வந்தது. 'பி' தட்டினார். பலூன் வந்தது. 'டி' தட்டியதற்குப் பல் டாக்டர் வந்து சிரித்தார். தன் உலகம் முழுவதையும் முதல் எழுத்தால் மட்டுமே தெரிந்து வைத்திருந்த மனிதர், நடுத்தெருவில் விலாசம் மறந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

"நம்ம பேங்க்கோட முழுப்பேரு என்னம்மா?" என்று என்னைக் கேட்டார்.

சுவரில் அந்த வங்கி கொடுத்த காலண்டர் தொங்கியது. காட்டினேன்.

பெயர் கிடைத்தால் போதுமா? கடவுச்சொல் வேண்டும். அதையும் அவர் பழையதிடம்தான் ஒப்படைத்திருந்தார். பெண்ணின் பிறந்தநாளைப் போட்டார், இல்லை. அக்காவின் பெயரைப் போட்டார், இல்லை. கடைசியில் மறந்துவிட்டேன் என்று ஒத்துக்கொண்டு, புதிதாக ஒன்று கண்டுபிடித்து, அதில் பெரிய எழுத்து சின்ன எழுத்து நட்சத்திரம் எல்லாம் சேர்த்துப் போட்டால், "இது உங்கள் பழைய கடவுச்சொல், வேறு கொடுங்கள்" என்று வந்தது. அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கஷ்டத்தைப் பார்த்து நான் மிஷினை ஓட்டினேன். ஓட்டாமல் இருந்தால் சிரித்திருப்பேன்.

இவ்வளவு பட்ட பிறகு சாதாரண மனிதன் என்ன செய்வான்? வாயை மூடிக்கொண்டு இருப்பான். பிரவுசர் மாற்றியவர் அன்று மாலையே பிரசாரத்துக்குக் கிளம்பிவிடுவார். இந்த இனத்தின் விசேஷமே அதுதான். தனக்கு இன்னும் வழி தெரியாத ஊருக்கு மற்றவர்களை வண்டி ஏற்றி அனுப்புவது.

முதலில் குடும்பத்தார் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், இன்று முதல் தாம் மாறிவிட்டதாகவும் மற்றவர்களும் சிந்திக்க வேண்டும் என்றும் நீளமாக ஒரு செய்தி போட்டார். அதற்குச் சித்தப்பா ஒரு கட்டைவிரல் போட்டார். சித்தப்பா சாவுச் செய்திக்கும் கட்டைவிரல்தான் போடுவார். திருப்தி வராமல் அத்தான் அவருக்கே போன் செய்து, எல்லாம் விளக்கமாகச் சொன்னார். அந்தப் பக்கத்தில் சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரிப்பா. எதுக்கும் உடம்பப் பாத்துக்க" என்று பதில் வந்தது.

முடிவெட்டப் போன இடத்திலும் விடவில்லை. கழுத்தில் துணியைக் கட்டியதும், "நீங்க எதுல பாக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"கண்ணாலதான் சார்" என்றாராம் முடிவெட்டுபவர். "கொஞ்சம் குனிங்க."

இதை வீட்டில் வந்து அத்தானே சொன்னார், மக்களின் அறியாமைக்கு உதாரணமாக.

தினமும் வேலையிலிருந்து வந்ததும் அக்கா பையைக்கூட வைக்காமல் கேட்கிற முதல் கேள்வி, "புது இடம் எப்படி இருக்கு?" என்பதுதான். கேலியாகத்தான் கேட்பாள். ஆனால் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாளே, அதில் கேலி இருக்காது.

"விசாலமா இருக்கு" என்பார். "காத்தோட்டமா இருக்கு. ஆனா எதுவும் இருக்கற இடத்துல இல்ல."

"பழகிடும்" என்பாள் அக்கா. யாருக்குச் சொல்கிறாள் என்று தெரியாது.

இனி அடுத்த கட்டம். பிரவுசர் மாற்றியவரின் வாழ்வில் இது ரகசியக் கட்டம். இதை அவர்கள் எங்கும் பேசுவதில்லை, ஆகவே நான் சொல்ல வேண்டியிருக்கிறது. பழையதற்குத் திருட்டுத்தனமாகப் போய்வருவது.

எனக்கு எப்படித் தெரியும்? பழைய பிரவுசரின் தலைப்பக்கம் நீல நிறம். புதியது ஆரஞ்சு. நான் இருக்கும் இடத்திலிருந்து திரை தெரியாது. ஆனால் அத்தான் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறார். அதன் இரண்டு வட்டத்திலும் மேலோரத்தில் இரண்டு சின்னக் கீற்று விழும். நாள் முழுவதும் ஆரஞ்சு. நடுவில், அவர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு முன்னால் குனிந்தால், நீலம். அப்போது அவர் தோள் தளர்ந்துவிடும். நெற்றிச் சுருக்கம் போய்விடும். வேற்றூர்க் கல்யாணத்தில் இறுக்கமான சட்டையோடு நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து பழைய பனியனுக்கு மாறியவர் மாதிரி ஆகிவிடுவார். வாசலில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டதும் டக்கென்று மறுபடியும் ஆரஞ்சு, மறுபடியும் சுருக்கம்.

அவரையே கேட்டால், ஒரே ஒரு விஷயம் பார்க்கத்தான் போனேன் என்பார். ஒப்பிட்டுப் பார்க்க என்பார். ஒப்பிடுவது இந்த இனத்தின் உரிமை. நானாகக் கேட்கவில்லை. நான் கேட்கிற ஆள் இல்லை. அக்கா என்னைக் கேட்கவும் இல்லை. ஒருநாள் மட்டும், அவள் சட்டைப் பொத்தான் ஒன்றைத் தைத்துக் கொடுக்கும்போது, "உங்க அத்தான் ஒழுங்கா இருக்காரா?" என்றாள். நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் கடித்துக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மைதான்.

ரகசியக் கட்டம் நடக்கும்போதே இன்னொன்றும் நடக்கத் தொடங்கியது. அத்தான் வேலையை முடித்த பிறகும் எழுந்திருக்காமல் எதையோ தோண்டிக்கொண்டிருந்தார். சாப்பிடும்போதும் யோசனை. "பின்னாடி அந்தக் கடல் படம் இருந்துச்சே, அத எங்கேருந்து எடுத்தேன்?" என்று அக்காவைக் கேட்டார். அவளுக்கு என்ன தெரியும்? எழுத்தின் அளவு சரியில்லை என்று முணுமுணுத்தார். ஒரு தாளில் கட்டம் கட்டமாக வரைந்து வைத்துக்கொண்டு, அதைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தார். வீட்டைக் காலி செய்கிறவர் எந்த ஆணியில் எந்தப் படம் தொங்கியது என்று குறித்துக்கொள்வதுபோல.

அதன் பிறகு ஒருநாள் காலையில் அவர் கண்ணாடியில் நீலம் வந்தது. மத்தியானமும் நீலம். சாயங்காலமும் நீலம். அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டும் நீலம் அசையவில்லை. அத்தான் தோள் தளர்ந்து, நிம்மதியாக, மெல்ல ஏதோ பாட்டைக்கூட முனகிக்கொண்டு, ஒரு மருந்தின் பக்கவிளைவுகளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

திரும்பிவிட்டார், மறைக்கக்கூட முயலாமல் மொத்தமாகவே திரும்பிவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். மாதக் கடைசி வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அக்கா வந்து வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. நேராக அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். திரையைப் பார்த்தாள். மறுநாள் காலை டாக்டரம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

"பழசுக்கே வந்துட்டீங்க" என்றாள். திட்டவில்லை. குரலே இல்லை அதில். "சரி, விடுங்க. நான் டாக்டரம்மாகிட்ட சொல்லிடறேன்."

அத்தான் நிமிர்ந்தார். அவர் முகத்தில் தெரிந்தது குற்றவுணர்ச்சி இல்லை, அவமானம். பாடுபட்டுச் செய்த வேலையை ஒருவர் பார்த்தும் பார்க்காமல் போனால் வருமே, அது.

"இது பழசு இல்ல. புதுசு."

"கடல் இருக்கு. நீலமா இருக்கு. பட்டனெல்லாம் அந்தப் பக்கம் இருக்கு."

"அதெல்லாம் நான் வச்சது." மூலையில் விரலை வைத்துக் காட்டினார். "பேரப் பாரு. புதுசுதான். கலர மாத்தினேன். பட்டன இடப்பக்கம் கொண்டு வந்தேன், பழசுகூட எனக்கு அதச் செய்யல. 'எம்' தட்டினா மெயிலு வருது பாரு. ஒவ்வொண்ணாச் சொல்லிக் குடுத்தேன். எங்கயாவது வித்தியாசம் தெரியுதா, சொல்லு."

அக்கா குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். நான் மிஷினை நிறுத்திவிட்டேன்.

ஊர் உலகத்தில் எத்தனையோ பேர் புதியது வேண்டும் என்று புதியதற்குப் போகிறார்கள். பிரவுசர் மாற்றியவர் அப்படி அல்ல. அவர் பழையதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்ப் புதியதில் நட்டுவிட்டு, மாறிவிட்டேன் என்கிறார். அது பொய்யா? எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் நிற்கிற இடம் புது இடம்தான்.

அக்காவுக்கு அது என்னைவிடச் சீக்கிரம் புரிந்துவிட்டது. பையைத் தரையில் வைத்துவிட்டு, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். டாக்டரம்மா பார்த்து வைத்திருந்த வீட்டின் படங்கள் அவள் போனில் இருந்தன. அவ்வளவு நாளும் அவரிடம் காட்ட அவளுக்குத் தைரியம் வரவில்லை. இப்போது காட்டினாள்.

"முன்னறையில ஜன்னல் இருக்கு. மேசைய அங்க போட்டுடலாம்."

அத்தான் படத்தை விரலால் பெரிதாக்கினார். "இது எந்தப் பக்கம் பாக்குது?"

"கிழக்க."

"இங்கயும் கிழக்குதான்" என்றார், யாரோ மறுத்ததுபோல. "கதவு?"

"கதவு வலது பக்கம், இங்க மாதிரி இடது இல்ல. அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது."

அத்தான் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், பரணில் ஏற்றுகிற யோசனை இல்லை. "மேசையத் திருப்பிப் போட்டா கதவு இடது பக்கம் வந்துடும்" என்றார்.

"வந்துடும்."

"எதிர்ச் சுவர் காலியா இருக்கே."

"ஏன், அங்க என்ன?"

"தையல் மிஷின் வேணாமா?" என்றார் அத்தான், அக்காவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற எரிச்சலோடு. "அந்தச் சத்தம் இல்லன்னா எனக்குத் தப்பே கண்ணுல படாது."

நான் ஊசித் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் ஊர் மாறினால் நான் எங்கே என்று அதுவரை யாரும் பேசியிருக்கவில்லை, நானும் பேசியிருக்கவில்லை. அவர் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லிவிடவில்லைதான், மிஷினைப் பற்றித்தான் சொன்னார். போதும்.

"முயற்சி பண்ணிப் பாக்கலாம்" என்று அத்தான் தீர்ப்புச் சொன்னார். "பிடிக்கலன்னா திரும்பி வந்துடலாம்."

"கண்டிப்பா வந்துடலாம்" என்றாள் அக்கா. அவ்வளவு அழகாக அவள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அடுத்த நிமிடம் போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டும் அவள் குரல் கேட்டது: "சொல்லுங்க டாக்டர், நான் வரேன்." டாக்டரம்மா ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். அழைத்ததே இவள்தான்.

இப்போது நாங்கள் அந்த ஊரில் இருக்கிறோம். அக்கா காலையில் எங்களுக்கு முன்னால் எழுந்து, யாரையும் எதுவும் கேட்காமல் முடிவெடுக்கிற இடத்துக்குப் போகிறாள். மேசை ஜன்னலோரம், மிஷின் எதிரில், பேனாக் குவளை இருந்த இடத்தில். பழைய வீட்டில் குளியலறை இருந்த பக்கம் அத்தான் இங்கேயும் நடந்து போய்ச் சில நாள் சுவரில் முட்டிக்கொண்டார். சுவரைத்தான் கோபித்துக்கொண்டார். மற்றபடி சௌக்கியம். நேற்று சித்தப்பாவுக்குப் போன் போட்டு, ஒரே ஊரில் கிடந்து அழுகுகிறவர்களைப் பற்றி வருத்தப்பட்டுப் பேசினார். மனிதன் அவ்வப்போது மாற வேண்டும், அவர் அதை எப்போதும் சொல்லி வந்திருக்கிறாராம். சித்தப்பா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. பிறகு ஒரு கட்டைவிரல் வந்ததாக அக்கா சொன்னாள்.

இதுவரை படித்துவிட்டு நீங்கள் சிரித்திருந்தால் சந்தோஷம். உங்களுக்குத் தெரிந்த ஒரு மச்சானோ ஒரு மேலதிகாரியோ ஞாபகத்துக்கு வந்திருப்பார். இதை அவருக்கு அனுப்ப வேண்டும் என்றும் நினைத்திருப்பீர்கள். அனுப்புங்கள். அவரும் சிரித்துவிட்டு, உங்களுக்கு அனுப்புவதற்காக இதை எடுத்து வைத்திருப்பார்.

அதற்கு முன்னால் ஒன்று. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, பாதியில் எங்கேயோ, அடுத்த அறையிலிருந்து உங்கள் வீட்டார் ஏதோ கேட்டார்கள். நீங்கள் தலையைத் தூக்காமல் "ம், பாக்கலாம்" என்றீர்கள்.

என்ன கேட்டார்கள்?